டேப்பட் சத்தம் கேட்கட்டும், விடுங்க

போன வாரம் ஹாஸ்டல் பார்க்கிங்கில் ஒரு ஜூனியர் என்னைப் பிடித்துக்கொண்டான். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. "அண்ணா, வண்டிக்கு ரேஸ் கேம் போடணும், எங்கண்ணா கிடைக்கும்?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது: "அப்புறம் டேப்பட் சத்தம் ஓவரா வருதுண்ணா. சுத்தமா சத்தமே இல்லாம பண்ண முடியுமா?"

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஒரே வண்டிக்கு ஒரே ஆள் கேட்கும்போதுதான் சிக்கல். 14 கிலோமீட்டர் கிரிவலமும் செருப்பில்லாமல் போகணும், ஆனால் உள்ளங்காலில் தூசி ஒட்டக்கூடாது என்கிற மாதிரி. அவனுக்கு அங்கேயே நின்று பாதி பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், ஏன்னா இதைக் கேட்கிறது அவன் ஒருத்தன் மட்டும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்கலைன்னா இங்கேயே நிறுத்திக்கலாம். திருவண்ணாமலையில் தினமும் காலேஜுக்கு ஓட்டுகிற வண்டிக்கு ரேஸ் கேம் தண்டச் செலவு. டேப்பட் சத்தத்தை அறவே அடக்குவது அதைவிட மோசம். அது இன்ஜினுக்கு நாமே வைக்கிற உலை.

மெக்கானிக்கல்காரர்கள் தெர்மல் லேபைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வால்வு டைமிங் டயகிராம் என்று ஒரு எக்ஸ்பெரிமென்ட் வரும். கட் செக்ஷன் இன்ஜினின் ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, வால்வு எங்கே திறக்குது, எங்கே மூடுதுன்னு சாக்பீஸில் குறித்து, நூலால் அளந்து, கோணமாக மாற்றி ஒரு சுருள் மாதிரி வரைவோம். பேட்ச்சில் அளந்தவன் ஒருத்தன். மற்றவர்கள் அவன் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர்கள். நானும் அந்த மற்றவர்களில் ஒருத்தன்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுருளைத்தான் இரும்பில் செதுக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். கேம் என்பது அதுதான். கேம் வாங்கப் போகிறவன் அந்த ரெக்கார்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இன்லெட் வால்வு டி.டி.சி.க்கு 10 டிகிரி முன்னால் திறந்து, பி.டி.சி.க்கு 40 டிகிரி பின்னால் மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10, 180, 40 மூன்றையும் கூட்டினால் 230 டிகிரி. இது டியூரேஷன். எக்ஸாஸ்ட் வால்வு டி.டி.சி. தாண்டி 10 டிகிரி வரை திறந்திருந்தால், இரண்டு வால்வும் சேர்ந்தே திறந்திருப்பது 20 டிகிரி. இது ஓவர்லேப். ரேஸ் கேம் இந்த எண்களை நீட்டுகிறது. 30-ல் திறந்து 70-ல் மூடினால் டியூரேஷன் 280 ஆகிவிடும். எக்ஸாஸ்டும் அதே கணக்கில் நீண்டால் ஓவர்லேப் 60. கூடவே வால்வு திறக்கிற உயரம், அதாவது லிஃப்ட்டும் கூடும்.

பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் 70 டிகிரி வரைக்கும் கதவைத் திறந்து வைத்தால் என்ன லாபம்? டவுன் பஸ் டிரைவர் பிரேக் போட்ட பிறகும் நிற்கிற கூட்டம் முன்னால் சாயுமே, அதுதான். 9000 ஆர்.பி.எம்.மில் இன்டேக் பைப்பில் வேகமாக வருகிற காற்றுக்கு ஒரு உந்தம் இருக்கு. பிஸ்டன் எதிரே வந்தாலும் அது இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே அடைத்துக்கொண்டு வரும். சிலிண்டர் நன்றாக நிரம்பும், பவர் கூடும். அதே கேம் 3000-ல்? காற்றுக்கு அந்த உந்தம் இல்லை. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அடைக்க வேண்டியதை அடைக்காமல் கம்ப்ரஷன் எங்கே வரும்? மேலே சம்பாதித்ததைக் கீழே கொடுத்துத்தான் ஆகணும்.

நீங்கள் தினமும் எந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு வாரம் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்து தேரடித் தெரு வரைக்கும் எத்தனை தடவை மூன்றாவது கியருக்குப் போனீர்கள்? பௌர்ணமி அன்றைக்குக் கேட்கவே வேண்டாம், வண்டியையே ஊருக்கு வெளியே திருப்பி விடுகிறார்கள். வேலூர் ரோட்டிலும் செங்கம் ரோட்டிலும் கொஞ்சம் திறக்கலாம். அங்கேயும் எதிரே கரும்பு டிராக்டர், ஆட்டு மந்தை, மாற்றுப் பாதையில் வருகிற டூரிஸ்ட் பஸ். ரேஸ் கேம் கொடுக்கிற பவர் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போகவே போவதில்லை. போகிற இடத்தில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு வண்டியை வைத்துக் கணக்குப் போடலாம். இப்போதைய கிளாசிக் 350-க்குக் கம்பெனி சொல்லும் டார்க் 27 நியூட்டன் மீட்டர், 4000 ஆர்.பி.எம்.மில். 2πஎன்டி பை 60 போட்டால் அந்த இடத்தில் சுமார் 11.3 கிலோவாட். உச்ச பவர் 14.87 கிலோவாட், 6100-ல். அதைத் திருப்பிப் போட்டால் அங்கே டார்க் சுமார் 23-தான் வருகிறது. ஆக, பவர் உச்சத்தில் நிற்கிற இடத்தில் இழுவை ஏற்கெனவே இறங்க ஆரம்பித்துவிட்டது. அந்த இன்ஜினை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றேதான் இழுவையைக் கீழே வைத்திருக்கிறார்கள், ஏன்னா அந்த வண்டி ஓடுகிற இடம் அது. கேமை மாற்றுகிறவர் அந்த முடிவைத்தான் மாற்றுகிறார். தெரிந்து மாற்றினால் சரி.

"அப்போ ரெண்டும் வேணும்னா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் ஏற்கெனவே ரோட்டில் ஓடுகிறது. 155 சிசி ஆர்15-ல் வி.வி.ஏ. என்று போட்டிருப்பார்களே, அது இதுதான். இன்லெட்டுக்கு இரண்டு விதமான கேம் மேடுகள். கீழே மென்மையானது வேலை செய்யும், 7400 ஆர்.பி.எம். வாக்கில் ஒரு சின்ன பின் நகர்ந்து பெரியதுக்கு மாறும். இவ்வளவு பெரிய கம்பெனியே ஒரு கேமால் இரண்டு வேலையும் முடியாது என்று ஒத்துக்கொண்டு, கூடுதலாக உதிரி பாகங்களைச் செய்து வைத்திருக்கு. நாம் ஒரே கேமை வாங்கி இரண்டும் வரும் என்று நம்புகிறோம்.

கேம் மட்டும் மாற்றினால் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். லிஃப்ட் கூடினால் வால்வும் பிஸ்டனும் டி.டி.சி. பக்கத்தில் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்க்கணும். ரேஸ் மெக்கானிக்குகள் பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டிக் கையால் சுற்றி, திரும்பக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளப்பார்கள். ஸ்பிரிங் மாற்றணும். பி.எஸ்.6 வண்டி என்றால் பெட்ரோலைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது ஈ.சி.யூ. ஓவர்லேப் பெரிதானால் ஐட்லில் இன்டேக் வாக்கூம் குழம்பும், அதை வைத்துக் கணக்குப் போடுகிற சென்சாரும் குழம்பும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே போகும். புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது ஹைட்ரோகார்பன் அளவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய காலத்தில் இருந்து, இப்போது இருங்காட்டுக்கோட்டை டிராக், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே வரைக்கும் நம்ம ஊர் மெக்கானிக்குகள் இந்த வேலையை அருமையாகச் செய்கிறார்கள். அங்கே வண்டி மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ரேஸ் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கு. எனக்கு அந்த வேலை மேல் மரியாதைதான். நாளைக்கு நீங்களே டிராக்குக்குப் போகிறீர்கள் என்றால் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

இதில் மலிவு வழி ஒன்றும் உண்டு. இருக்கிற கேமையே கிரைண்ட் பண்ணித் தருவது. மூக்கில் இரும்பைக் கூட்ட முடியாது. அதனால் அடிவட்டத்தைத் தேய்த்துச் சின்னதாக்கி லிஃப்ட்டைக் கூட்டுவார்கள். அப்படித் தேய்க்கும்போது மேலே இருக்கிற கடினப்படுத்திய தோலும் போகலாம். ராக்கர் ஆர்ம் உட்காரும் கோணமும் மாறும். அந்தத் தோல் போன கேம் ஆயிலுக்குள் சீக்கிரமே இரும்புத்தூளாகக் கரையும். நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் எதை வைத்து அளந்து தேய்க்கிறீங்கன்னு கேட்டுப் பாருங்கள். பதிலாகச் சிரிப்பு மட்டும் வந்தால் கேமை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். ஜூனியரின் இரண்டு ஆசையும் மோதுகிற இடம் இதுதான்.

டேப்பட்டில் ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் நீங்கள் எழுதுகிற ரெக்கார்ட் நோட் தாளின் தடிமனுக்கு அக்கம்பக்கம்தான், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வாக்கில். கேம் சுற்றி வரும்போது முதலில் அந்த இடைவெளியை அடைக்கணும், அப்புறம்தான் வால்வைத் தள்ளும். அடைக்கிற அந்த நொடியில் இரும்பும் இரும்பும் தொடுகின்றன. அதனால்தான் கேமின் மேடு தொடங்கும் முன்னால் ஒரு மெல்லிய சரிவு வைத்திருக்கிறார்கள், ரேம்ப். மாடிப்படி ஏறும் முன் வாசலில் போடுகிற சாய்தளம் மாதிரி. இடைவெளி சரியாக இருந்தால் மோதல் அந்தச் சரிவுக்குள்ளேயே, மெதுவாக, முடிந்துவிடும். லேசான டிக் டிக் மட்டும் கேட்கும். இடைவெளி அதிகமானால் சரிவெல்லாம் வீணாகி, கேம் வேகமெடுத்த பிறகு போய் இடிக்கும். வால்வு மூடும்போதும் அதே வேகத்தில் சீட்டில் அறையும். கடகடவென்று கேட்கிற சத்தம் அது.

ரேஸ் கேம் கொஞ்ச நேரத்துக்குள் வால்வை அதிக உயரம் தூக்கணும். அதனால் சரிவும் மேடும் செங்குத்து. ஸ்பிரிங்கும் விறைப்பானது. 8000 ஆர்.பி.எம்.மில் கேம் அதில் பாதி வேகத்தில், நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றுது. நொடிக்கு 67 தடவை ஒரு வால்வு திறந்து மூடணும். இதைச் செங்குத்தான கேமும் விறைப்பான ஸ்பிரிங்கும் சேர்ந்து செய்தால் சத்தம் வராமல் இருக்குமா? வேகமான கேம் போட்டு அமைதியான இன்ஜின் கேட்பது எனக்குப் புரியவே இல்லை.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் பணச் செலவு மட்டும். சத்தத்தை அடக்கப் போய் நான் செய்தது வேறு.

இரண்டாம் வருஷம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 150 சிசி வண்டி. பில்லியனில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் "என்னடா தையல் மிஷின் மாதிரி கீது" என்று சிரித்தார்கள். மானம் போய்விட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றேன். மெக்கானிக் அண்ணன் நிதானமானவர். கேஜ் வைத்துச் செட் பண்ணிவிட்டு, "தம்பி, கொஞ்சம் சத்தம் இருந்தாதான்பா நல்லது" என்றார். நான் விடவில்லை. சத்தமே வரக்கூடாது என்று நின்றேன். எதிரே இரண்டு பேர் காத்திருந்தார்கள், நான் நகர மாட்டேன் என்கிறேன். கடைசியில் அவர் சலித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் டைட் பண்ணினார். சத்தம் நின்றது. நான் ஹீரோ மாதிரி வெளியே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து நாலு வண்டியில் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். போளூர் வரைக்கும் பிரச்சினை இல்லை. ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. நிறுத்தினால் ஐட்லில் நிற்கவில்லை. சூடாக இருக்கும்போது கிக்கரை மிதித்தால் கால் சும்மா கீழே போகுது, எதிர்ப்பே இல்லை. பத்து நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஒரு கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்து இதையே மூன்று தடவை செய்தோம். நாலாவது தடவை ஆறிய பிறகும் வரவில்லை. கீழே இறக்கியது ஒரு மினி லாரியில்.

ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். எக்ஸாஸ்ட் வால்வு மீது எரிந்த வாயு நேராகப் பாய்கிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதியை அது எப்படி வெளியே அனுப்புது? மூடியிருக்கும்போது சீட்டில் அழுந்தி உட்கார்ந்து, ஹெட்டுக்குக் கடத்தி. சூடானால் வால்வின் தண்டு நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் டேப்பட் இடைவெளி. இடைவெளி இல்லாமல் டைட் பண்ணினால், நீண்ட தண்டு ராக்கரில் முட்டிக்கொண்டு வால்வு முழுசாக மூடாது. மயிரிழை திறந்திருக்கும். சூட்டைக் கொடுக்கத் தொடுவதற்கு சீட் இல்லை, கம்ப்ரஷனும் ஒழுகுது, ஒவ்வொரு வெடிப்பிலும் தீ அந்தக் கீற்று வழியாகச் சீறுது. ஓரம் எரிஞ்சு போகும். இதில் ஒன்று கவனியுங்கள்: இவ்வளவு நடக்கும்போதும் இன்ஜின் சத்தமே போடாது. இடைவெளி அதிகமான டேப்பட் கத்திக் கத்திச் சொல்லும். டைட்டான டேப்பட் சொல்லாமல் கொல்லும்.

வால்வு, சீட் கட்டிங், லேப்பிங், கேஸ்கெட், மினி லாரி எல்லாம் சேர்ந்து இரண்டு மாச மெஸ் பில் போச்சு. அந்த மெக்கானிக் அண்ணன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் சரியாகத்தான் சொன்னார்.

பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் வேறு மாதிரி தெரியும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. அந்த வார்ப்பிரும்பு இன்ஜினில் கேம் கீழே இருக்கும், பல்சக்கரம்தான் அதைச் சுற்றும், அலுமினியக் கலவை புஷ் ராடு மேலே ராக்கரைத் தள்ளும். டேப்பட் செட் பண்ண ஃபீலர் கேஜ் கிடையாது. சிலிண்டர் அடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது, புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் உருளணும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. விரலில் அந்த அளவை வைத்திருக்கிற பெரியவர்கள் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறார்கள். செங்கம் ரோடு பக்கம் போனால் பழைய புல்லட் ஒன்றாவது கண்ணில் படும். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அந்த விரல் எந்த லேப் மேனுவலிலும் இல்லை.

அப்புறம் வந்த யூ.சி.இ. இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பட் வைத்தார்கள். ஆயில் அழுத்தமே இடைவெளியை அடைத்துக்கொள்ளும். செட்டிங் வேலையே இல்லை, சத்தமும் குறைவு. பல நாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணினால், வடிந்த ஆயில் திரும்ப நிரம்பும் வரை கொஞ்சம் டக் டக் கேட்கும், அவ்வளவுதான். சத்தத்துக்கு இதுதான் இறுதி பதில் என்றால் அங்கேயே நின்றிருக்கணும் இல்லையா? 2020-ல் மீட்டியாரோடு வந்த ஜே சீரிஸ் இன்ஜினில் கேம் மேலே போனது, செயின் சுற்றுது, டேப்பட் மறுபடியும் ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். சத்தத்தை அடக்குகிற தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருந்தவர்களே திரும்ப இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கு.

கேட்கிற சத்தம் எல்லாம் டேப்பட் சத்தமும் இல்லை. இதை நம்மால் சோதிக்க முடியும், மெக்கானிக்குகளை விட நம்மிடம் நேரமும் லேப்டாப்பும் இருக்கு. ஐட்லில் வண்டியை விட்டு, போனை ஹெட் பக்கத்தில் வைத்துப் பத்து நொடி ரெக்கார்ட் பண்ணி, ஏதாவது ஆடியோ சாஃப்ட்வேரில் திறங்கள். ஐட்லிங் 1400 என்றால் கேம் 700 சுற்று. ஒரே வால்வின் டிக் 86 மில்லிநொடிக்கு ஒரு தடவைதான் வரும். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் சத்தம் போட்டால் நடுவில் இன்னொரு வரிசை தெரியும், ஆனால் இடைவெளி சமமாக இருக்காது. 43 மில்லிநொடிக்கு ஒரு தடவை சமமாக வந்தால் அது கிராங்க் வேகம். கோளாறு கீழே, பிஸ்டன் பக்கமோ பேரிங் பக்கமோ. டேப்பட்டைத் தொட்டுப் பயனில்லை. ஒழுங்கில்லாமல் சலசலவென்று, ஆக்ஸிலேட்டரை விடும்போது கூடுகிறதா? டைமிங் செயினையும் டென்ஷனரையும் பாருங்கள். லேப்டாப் வேண்டாம் என்றால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹெட்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரிதான். சுற்றுகிற பாகங்களில் இருந்து கையையும் தலைமுடியையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

டேப்பட்தான் என்று முடிவானால் செட் பண்ணுவது கஷ்டமான வேலை இல்லை. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும், சூட்டில் அளந்தால் எண்ணே தப்பு. பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைச் சுற்றி மெதுவாகக் கொண்டுவாருங்கள். இன்லெட் வால்வு இறங்கி, ஏறி மூடியதும், மேக்னெட்டில் இருக்கிற டி குறி மூடியில் இருக்கிற கோட்டுக்கு நேராக வரும். அப்போது இரண்டு ராக்கரும் கையில் லேசாக ஆடணும். ஆடவில்லை என்றால் ஒரு சுற்று தள்ளி நிற்கிறீர்கள். மேனுவலில் சொன்ன கேஜை உள்ளே விட்டு இழுங்கள். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஒரு மெல்லிய பிடிப்பு இருந்தால் சரி. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடும், அதைப் பிடித்துக்கொண்டே இறுக்கணும். இறுக்கிய பிறகு மறுபடி ஒரு தடவை கேஜை விட்டுப் பாருங்கள். முதல் தடவை நான் இதை மறந்துவிட்டு இரண்டாம் தடவை எல்லாவற்றையும் கழற்றினேன்.

அந்த ஜூனியர் வண்டியைப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் இடைவெளி மேனுவல் சொன்னதற்கு இரண்டு மடங்கு இருந்தது. செட் பண்ணியதும் கடகட போய், டிக் டிக் மிச்சம் இருந்தது. அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. இன்னும் கொஞ்சம் டைட் பண்ணலாமாண்ணா என்று கேட்டான். ஜமுனாமரத்தூர் கதையைச் சொன்னேன். கேம் பேச்சை மட்டும் இன்னும் விடவில்லை, பார்ப்போம்.

ஃபீலர் கேஜ் ஒரு செட் என்னிடம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு மணிக்கு, யாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், ஹாஸ்டல் பார்க்கிங்கில் இருப்பேன். உங்க வண்டியின் சர்வீஸ் மேனுவல் பக்கத்தைப் போனில் எடுத்துக்கொண்டு வாங்க. தெர்மல் லேப் ரெக்கார்டையும் கொண்டு வந்தால் உங்க கேமையே அளந்து பார்த்துவிடலாம்.